பௌதிகவியலுக்கு எந்த நூல்?

பாடசாலை நூலகத்தின் பொறுப்பு எமது தலையிற் சுமத்தப்பட்டிருப்பதால், தமிழ் படிப்பிக்கும் எம்மிடம் பௌதிகவியல் மாணவரும் வருவதுண்டு. உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தி விஞ்ஞான பீடத்திற்குச் செல்லக் காத்திருப்போர் சிலர். பாடத்திட்டத்திற்கு அப்பால் எதையாவது வாசித்துப் பார்க்க வேண்டும் என்ற வேட்கை கொண்டோர் சிலர். இரு சாராரும் கேட்பது ஒன்றே: "சேர், மேலே படிக்கிறதுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?"

உலகம் போற்றும் நாலைந்து நூல்களின் பெயரைச் சொல்லி அவர்களை அனுப்பிவிடலாம். அவ்வாறு சொல்லி அனுப்புவோர் எம் மத்தியில் உளர். ஆனால், நூலைத் தெரிதல் என்பது கடையிற் சட்டைத்துணி தெரிவது போல எமது மாணவரின் தனி விருப்பத்திற்கு உட்பட்டதாக ஒருபோதும் இருந்ததில்லை. அவர் கையில் எந்நூல் சேரும் என்பதை மொழியும் விலையும் பரீட்சையும் அவரைக் கேளாமலே தீர்மானித்துவிடுகின்றன. எஞ்சும் சிறு இடைவெளிக்குள் எதைத் தெரிவது என்பதே இங்கு ஆராயவேண்டிய விடயமாகும்.

போற்றப்படும் நூல்களை முதலில் நோக்குவோம். றிச்சாட் பெயின்மனின் விரிவுரைகளைச் சொல்லாதார் இல்லை. 1961 முதல் 1963 வரை கலிபோர்னியத் தொழினுட்ப நிறுவகத்தில் நிகழ்த்தப்பட்டு, பின்னர் மூன்று தொகுதிகளாக அச்சேறியவை அவை. 2013இல் முதற் றொகுதியும், தொடர்ந்து ஏனையவும், எவரும் விலையின்றி வாசிக்கத்தக்க வகையில் இணையத்தில் வெளியிடப்பட்டன. இது பாராட்டத்தக்க செயல் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும், அந்நூலின் முன்னுரையைப் புரட்டாது அதைச் சிபாரிசு செய்வோரே அதிகம் போலும். ஏறத்தாழ 180 மாணவர் அமர்ந்திருந்த அவ்வகுப்பில் ஏறக்குறைய எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டோர் ஒரு டசின் அல்லது இரு டசின் பேரே என்றும், மாணவரைப் பொறுத்தவரையில் தமது முயற்சி வெற்றி பெற்றதாகத் தாம் கருதவில்லை என்றும் பெயின்மன் அங்கே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் தலைசிறந்த மாணவர்களின் நிலையே அதுவாயின், கிளிநொச்சியிலோ மூதூரிலோ தனியே இருந்து வாசிப்பவனின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. அதனை இரண்டாம் நூலாக வாசித்தல் வேண்டும். ஒன்றை வேறோர் இடத்தில் கற்றுக் கணக்குச் செய்து களைத்தபின் பெயின்மனைத் திறந்தால், தெரிந்த ஊரைக் குன்றின்மேல் ஏறிப் பார்ப்பது போன்ற இன்பம் கிடைக்கும்.

லாண்டாவும் லிஃப்ஷிட்சும் எழுதிய பத்துத் தொகுதிகள் இன்னொரு வகையானவை. முதலாவது நூலான 'பொறிமுறை' இருநூறு பக்கத்தை எட்டாத மெல்லிய நூல். சாய்தளம், கப்பி, கயிறு என்று தொடங்கும் வழக்கமே அங்கில்லை. தொடக்கத்திலேயே ஆகக்குறைந்த தாக்கத் தத்துவம் வந்து நிற்கிறது. லாண்டாவ் தம்மிடம் ஆய்வு செய்ய விரும்பியோருக்கு 'கோட்பாட்டுக் குறைந்தபட்சம்' என்றொரு பரீட்சையை நடத்தினார். 1934 முதல் 1961 வரை அதிற் றேறியோர் 43 பேர் மட்டுமே. அத்தகையோருக்காக உருவான நூல்வரிசையை முதலாண்டு மாணவனின் கையிற் கொடுப்பது, நீந்தத் தெரியாதவனுக்கு நடுக்கடலைக் காட்டுவதாகும். சோவியத் நூல் என்ற பற்றுதலினால் இதனைச் சிபாரிசு செய்யும் தோழர்களை நாம் அறிவோம். பற்றுதல் நல்லதே, ஆனால் மாணவனின் படி எது என்று பாராத பற்றுதலால் அவனுக்குப் பயனில்லை.

சோவியத் நாட்டிலிருந்து எமக்கு வந்தவற்றுள் உண்மையில் மக்களுக்கென எழுதப்பட்டவை வேறு. யாக்கோவ் பெரெல்மானின் 'பொழுதுபோக்குப் பௌதிகம்' 1913இல் ருஷ்ய மொழியில் வெளியாகிப் பின்னர் தமிழிலும் வந்தது. அதனை எழுதியவர் 1942இல் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட்டிற் பட்டினியால் மாண்டார். அவர் நூல் உயர் பௌதிகவியல் நூலன்று. எனினும், கேள்வி கேட்கும் பழக்கத்தை அதிலிருந்து பெற்ற மாணவன் உயர் நூலுக்குள் நுழையும்போது வெறுங்கையோடு நுழைவதில்லை.

இனி, எமது மாணவன் நிற்கும் இடத்தைப் பார்ப்போம். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன. ஆனால் பதினோராம் தரத்தோடு அவ்வழங்கல் நின்றுவிடுகிறது. விடயம் கடினமாகும் இடத்தில், நூல் மிகத் தேவைப்படும் இடத்தில், மாணவன் ரியூசன் கொட்டிலை நோக்கித் தள்ளப்படுகிறான். அங்கே அவனுக்குக் கிடைப்பது குறிப்பு, நூலன்று. கடந்தகால வினாத்தாள்களின் விடைகளிலிருந்து பின்னோக்கி எழுதப்பட்ட குறிப்பு. அதனை மனனஞ் செய்து மூன்று 'ஏ' பெறுவோரும் உளர். அவர்களை நாம் குறை கூறமாட்டோம். மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு வாசல்களைத் தவிர வேறு வாசல் தெரியாத சமூகத்தில், குறிப்புப் படிப்பவனே புத்திசாலி.

1950களின் தொடக்கத்திற் பிறேசிலிற் படிப்பித்த காலத்தில் தாம் கண்டதைப் பெயின்மன் தமது நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஒளியின் முனைவாக்கத்துக்கு அங்குள்ள மாணவர் சொல் பிசகாமல் வரைவிலக்கணம் கூறினராம். அவர்கள் கண்முன்னே கடல். அந்நீரிற் றெறித்து வரும் ஒளி முனைவாக்கப்பட்ட ஒளியே என்பது ஒருவருக்கும் தோன்றவில்லையாம். பண்ணைக் கடலோரத்தால் நாளும் சைக்கிளிற் செல்லும் எமது மாணவனும் இவ்வாறே. பிறேசிலும் இலங்கையும் ஒரே நோயால் வருந்துவதில் வியப்பில்லை. பிறர் ஆக்கிய அறிவை விடைத்தாளுக்காக இறக்குமதி செய்த நாடுகள் இரண்டும்.

அறிவை ஆக்கும் நாடுகளிலாவது நூற்றெரிவு ஒழுங்காக நடைபெறுகின்றதா? 1960களில் கலிபோர்னிய மாநிலத்துப் பாடசாலைகளுக்குக் கணித நூல்களைத் தெரியும் குழுவிற் பெயின்மன் அமர்த்தப்பட்டார். மூன்று நூல்கள் கொண்ட தொகுதியொன்றில் மூன்றாம் நூல் உரிய காலத்தில் எழுதி முடியவில்லை. பதிப்பகத்தார் அட்டைக்குள் வெற்றுத்தாளை வைத்துக் கட்டி அனுப்பினர். அவர் கூறுவதன்படி, பத்துப் பேரில் ஆறு பேர் அவ்வெற்று நூலுக்கும் புள்ளி வழங்கியிருந்தனர். அப்புள்ளி மற்றை இரண்டு நூல்களுக்கும் கிடைத்ததைவிடச் சற்று அதிகமாகவும் இருந்ததாம்! நூலை வாசியாமலே நூலைத் தெரிவது அங்குமுண்டு. சிபாரிசுப் பட்டியல்களைக் கண்டு மயங்கும் மாணவர் இச்செய்தியை மனங்கொள்ளல் வேண்டும்.

இப்போது மொழிக்கு வருவோம். இது எமது துறை. ஆகவே சற்று விரிவாகவே பேசுவோம்.

1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் விஞ்ஞானச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. உயர்தர விஞ்ஞான வகுப்புக்கள் தாய்மொழிக்கு மாறுவதற்கு அச்சொற்களே துணைநின்றன. வறிய குடும்பத்துப் பிள்ளை விஞ்ஞானம் கற்க முடிந்தது அதனாலேயே. ஆனால் தமிழகத்திற் கலைச்சொல்லாக்கம் வேறு பாதையிற் சென்றது. விளைவைப் பாருங்கள். நாம் 'திணிவு' என்பதை அவர்கள் 'நிறை' என்கின்றனர். நாம் 'நிறை' என்பதை அவர்கள் 'எடை' என்கின்றனர். 'நிறை 10 கிலோகிராம்' என்று தமிழக நூலில் அச்சாகியிருப்பது அங்கே சரி. எமது மாணவன் விடைத்தாளில் எழுதினாற் பிழை, ஏனெனில் அவனுக்கு நிறை என்பது நியூற்றனில் அளக்கப்படும் விசை. 'வேகம்' இன்னும் பொல்லாதது. எமக்கு அது திசையுடைய காவிக் கணியம். திசையற்றதை நாம் 'கதி' என்போம். அவர்களுக்கோ வேகம் திசையற்றது, திசையுடையது 'திசைவேகம்'. எமது 'ஆர்முடுகல்' அங்கே 'முடுக்கம்'. எமது 'சக்தி' அங்கே 'ஆற்றல்'. எமது 'வலு' அங்கே 'திறன்'. எமது 'சடத்துவம்' அங்கே 'நிலைமம்'. பாடத்தின் பெயரே அங்கே 'இயற்பியல்'.

முற்றிலும் புதிய சொல் வாசகனை நிறுத்தும். நின்றவன் அகராதியைப் பார்ப்பான். தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போது அவன் நிற்பதில்லை. பிழையாக விளங்கிக்கொண்டு மேலே செல்கிறான். ஆகவே, 2018இலும் 2019இலும் தமிழகம் புதிதாக வெளியிட்டு இணையத்தில் இலவசமாக வழங்கும் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு நூல்கள் நல்ல படங்களோடும் நுண்கணிதத்தோடும் அமைந்திருந்தும் எமது பிள்ளைகளுக்கு நேரே பயன்படுவதில்லை. இரு நாட்டுச் சொற்களையும் அருகருகே எழுதிய கொப்பியொன்றை மாணவரைக் கொண்டே நூலகத்தில் ஆக்கி வருகிறோம். முந்நூறு சொற்களைத் தாண்டிவிட்டது. கொப்பியைப் பக்கத்தில் வைத்து அந்நூல்களை வாசிக்கலாம், வாசிக்கவும் வேண்டும்.

பல்கலைக்கழகத்தினுள் நுழைந்ததும் கற்பித்தல் ஆங்கிலத்துக்கு மாறுகிறது. பதின்மூன்று ஆண்டு தமிழிற் சிந்தித்த மூளை முதலாம் வாரத்திலேயே ஊமையாகிறது. இதைக் கண்டு, தமிழில் உயர் விஞ்ஞானம் கற்பித்தது தவறு என்று வாதிடுவோர் மறுபடியும் தலைதூக்குகின்றனர். வரலாறு அவர்களுக்கு இடந்தரவில்லை. கலிலியோ தமது உரையாடல் நூலை 1632இல் இலத்தீனை விடுத்து இத்தாலிய மொழியில் வெளியிட்டார். 1965இல் நோபல் பரிசு பெற்ற தொமொனாகாவின் குவாண்டம் பொறிமுறை நூல் முதலில் யப்பானிய மொழிப் பாடநூல். ஆங்கிலத்திற்கு அது பின்னரே பெயர்க்கப்பட்டது. லாண்டாவ் ருஷ்ய மொழியிலேயே சிந்தித்தார். இவ்வளவு தூரம் போவானேன்? மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, 1875இல் 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூலையும் தந்தார். அதே யாழ்ப்பாணத்திற் பிறந்த கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர், கேம்பிறிட்ஜில் திராக்கிடம் பயின்று, 1963இல் காவிப் பகுப்பாய்வு பற்றி நூலொன்று வெளியிட்டார், ஆங்கிலத்தில். கிறீனின் பாதை இடையில் எங்கே அறுந்தது என்று எமது கல்விமான்கள் ஆராய்ந்தால் நல்லது. எலியேசரை நாம் குற்றஞ்சாட்டவில்லை. அந்நூலைத் தமிழில் வாங்கியிருக்கக்கூடியோர் எத்தனை பேர் என்பதைப் பதிப்பகத்தார் கேட்டிருப்பார்கள் அல்லவா?

இவ்வளவும் கூறியபின், வாசலில் நிற்கும் பிள்ளைக்கு நாம் சொல்வது மிகச் சாதாரணமானது. எமது உயர்தரப் பௌதிகவியலை உயிரியற் பிரிவு மாணவரும் கற்பதால், அது நுண்கணிதமின்றியே அமைக்கப்பட்டிருக்கிறது. 1958 முதல் பல தலைமுறைகள் படித்த நெல்கன், பாக்கர் நூலும் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறது. பல்கலைக்கழகத்தில் முதலாம் நாளே வகையீடும் தொகையீடும் பௌதிகவியலின் மொழியாகிவிடுகின்றன. எனவே முதலில் வேண்டியது இப்பள்ளத்தின்மேற் பாலமாகும் நூல். றெஸ்னிக், ஹாலிடே எழுதி 1960இல் முதன்முதல் வெளியான நூலும் அதன் வழிவந்தவையும் இதற்கு ஏற்றவை. ரூபாவின் பெறுமதி வீழ்ந்த 2022இன் பின் அதன் புதிய பிரதியை வாங்குவது தொழிலாளர் குடும்பத்தால் இயலாத காரியம். பழைய பதிப்பு எங்காவது கிடைத்தால் அதுவே போதும். நியூற்றனின் விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. அதுவும் கிடையாதோர், 2016இல் 'ஓப்பன்ஸ்ராக்ஸ்' என்ற அமைப்பு மூன்று தொகுதிகளாக இலவசமாக வெளியிட்ட பல்கலைக்கழகப் பௌதிகவியலை வாசிக்கலாம். நடை அவ்வளவு சுவையானதன்று. ஆனால் உதாரணக் கணக்குகள் படிப்படியாக உள்ளன, ஆங்கிலமும் எளிது. பயிற்சிக்கு ஈரோடோவின் கணக்கு நூலை இரண்டாம் ஆண்டுவரை தள்ளிவைக்கலாம். முன்கூட்டித் திறந்து மனமுடைந்தோரை நாம் கண்டிருக்கிறோம்.

இன்னுமொன்று. தனியே வாசிக்காதீர்கள் என்போம். நான்கு பேர் சேர்ந்து ஒரு பிரதி. வாரம் ஓர் அதிகாரம். ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் விளக்கவேண்டும். விளக்க முடியாத பந்தி விளங்காத பந்தியே. புத்தகம் வாங்கும் வசதி படைத்த வீட்டுப் பிள்ளை இக்கூட்டத்திற்கு வருவதற்குச் சிலவேளை தயங்குவான். நாலாம் வாரத்தில் வந்துவிடுவான்.

சென்ற மாதம் இக்கூட்டத்தில் ஒரு மாணவி எழுப்பிய ஐயம் இன்னும் தீரவில்லை. நியூற்றனின் மூன்றாம் விதியிலுள்ள 'தாக்கம்' ஒரு விசை. ஆகக்குறைந்த தாக்கத் தத்துவத்திலுள்ள 'தாக்கமோ' சக்தியை நேரத்தாற் பெருக்கிய கணியம். ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்லே வழங்குவதால், மொழிபெயர்த்தோர் அக்குழப்பத்தையும் சேர்த்தே பெயர்த்திருக்கின்றனர். "நாங்கள் ஏன் சேர் அவையின்ரை பிழையையும் கொண்டுவர வேணும்?" என்றாள். இரண்டாவதற்கு மூன்று சொற்கள் கொப்பியில் எழுதப்பட்டு, மூன்றும் வெட்டப்பட்டுக் கிடக்கின்றன.