கரையாத ஆனோடு

கல்லிலே கொடுங்கை இழைத்த ஆவுடையார்கோவிலில் வளர்ந்தவர்களுக்கு இரும்பின் வியாதி எளிதில் விளங்குவதில்லை போலும், துறைமுகத் தூண்களோடு மல்லாடி ஓய்வுபெற்று வந்த என்னிடம், “பெயின்ட் அடிக்கிற வேலைதானே மாமா?” என்று உறவுக்காரப் பையன் ஒருவன் கேட்டுவிட்டான். பாம்பனில் 1914-இல் திறந்த ரயில் பாலத்தின் கர்டர்களைப் பொறுத்தமட்டில் அவன் சொன்னது வாஸ்தவமே; உப்புக்காற்றில் நிற்கும் இரும்புக்குப் பூச்சுதான் கதி, தான் கரைந்து இரும்பைக் காக்கும் ஆனோடு என்னும் உலோகக் கட்டி அங்கே உதவாது. நீருக்குள் நிற்கும் இரும்பின் சங்கதி வேறு; அதற்கு ஆனோடுதான் காவல்.

கப்பலின் செப்புத் தகட்டோடு துத்தநாகத்தையும் இரும்பையும் இணைத்து 1824-இல் வேதியியலர் ஹம்ப்ரி டேவி காட்டிய வழி இது. அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1953-இல் காரைக்குடியில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும், இதை அறிந்தவர் ஊரில் சிலரே.

புதுத் தூணுக்குக் கரையிலேயே ஆனோடைப் பற்றவைத்து இறக்கிவிடலாம். பல வருஷம் கடலில் நின்ற பழைய தூணுக்கோ, கலங்கல் நீரில் முக்குளிப்பவர் தடவித் தடவிச் சிப்பியையும் துருவையும் சுரண்டி, கிளாம்பின் போல்ட்டு முனை பளபளக்கும் இரும்பைக் கடிக்கும்வரை முடுக்கவேண்டும். நடுவே துருப்படலம் மிஞ்சினால் ஆனோடு வெறும் தொங்கட்டான். இந்த உலோக ஸ்பரிசத்துக்காக எங்கள் மேஸ்திரி வேலையை எத்தனையோ முறை நிறுத்தியிருக்கிறார். தூணைத் தொட்டு ஒரு மின்னழுத்த ரீடிங், ஆனோடின் உள்கம்பியைத் தொட்டு ஒரு ரீடிங். இரண்டும் ஒத்துவராவிட்டால், கூலி ஏறுகிறதே என்று மேலிருப்பவர் முணுமுணுத்தாலும், முக்குளிப்பவரை மறுபடி இறக்குவார். அந்தப் பிடிவாதத்தை அந்நாளில் நாங்கள் வைதோம். இன்று அப்படி ஒருவரைக் காண்பது அரிது.

இப்போது வருகிற பிள்ளைகள் எடைக்கணக்கில் அலுமினியம் தருவித்து, மாட்டி, போட்டோ எடுத்து, மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் ரெஃபரன்ஸ் செல்லை ஆனோடுக்கு அருகிலேயே தொங்கவிட்டு மைனஸ் 1,000 மில்லிவோல்ட் என்று எழுதிக்கொண்டு கரையேறுகிறார்கள். அது ஆனோடின் மின்னழுத்தமேயன்றித் தூணுடையதன்று. வெள்ளிக் குளோரைடு வகை ரெஃபரன்ஸ் செல்லில், மைனஸ் 800 மில்லிவோல்ட் என்ற காப்பு அளவையாவது தூண் தொட்டதா என்பதே கேள்வி. ஒரு துறையில், “ஐந்து வருஷமாகியும் கொஞ்சமும் கரையவில்லை, அசல் சரக்கு” என்று அதிகாரி ஒருவர் என்னிடம் பெருமைப்பட்டார்! கரைவதற்கென்றே மாட்டிய பொருள் கரையவில்லையென்றால், கரைந்தது தூண் அல்லவா?

துறைமுக எஞ்சினியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பில்லில் கையெழுத்திடுமுன் தூணின் ரீடிங்கைத் தனியாகவும் ஆனோடின் ரீடிங்கைத் தனியாகவும் கேட்டு வாங்குங்கள்.