உயிர் வராத பெட்டி

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வந்த மிக்ஜாம் புயலை எங்கள் சோழவரம் வட்டாரத்தில் எவரும் எளிதில் மறக்க மாட்டார்கள். தெருவெல்லாம் தண்ணீர். மின்சாரம் நின்றது. அரையாண்டுத் தேர்வும் தள்ளிப்போயிற்று. முதல் நாள் எங்களுக்கு அதில் மகிழ்ச்சிதான், பொய் சொல்வானேன்!

மின்சாரம் இல்லாத வேளையில் விடுதியின் படிப்பறைக்கு ஒளி தருவது ஒரு 12 வோல்ட் பாட்டரியும் அதனோடு இணைந்த ஆறு சிறு விளக்குகளும்தாம். பாட்டரி இரண்டாம் இரவே தீர்ந்துவிட்டது. மின்சாரம் திரும்பியதும் ஓடிப்போய்ச் சார்ஜரைப் போட்டோம். எப்போதும் எரியும் பச்சை விளக்கு எரியவில்லை. தேர்வு நெருங்குகிறது, மின்சாரமோ வருவதும் போவதுமாக இருக்கிறது. புதிய சார்ஜர் வாங்க எங்கே போவது?

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படிக்கும் நாங்கள் ஐவர் இருக்கும்போது என்ன கவலை என்று எண்ணிக்கொண்டோம்! பிளக்கைப் பிடுங்கினோம், உடனே நான்கு திருகுகளையும் கழற்றி மூடியைத் திறந்தோம். ஃபியூஸ் கம்பி அறுபடவில்லை. திருப்புளியால் அங்கும் இங்கும் தொட்டுப் பார்த்தோம். ஒன்றும் விளங்காமல், வந்த சுவடு தெரியாமல் மூடிவிட்டோம். சிஸ்டரிடம் இதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை வந்தார். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் மின்பராமரிப்பு வேலை பார்ப்பவர். 1980-களில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடக்குமே, அந்த இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவராம். பெட்டியை ஒருமுறை மின்சாரத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கி வைத்தார். சிஸ்டர் கொடுத்த காபியை நிதானமாகக் குடித்தார். கால்மணி நேரம் கழித்து மூடியைத் திறந்து, உள்ளே இருந்த தடித்த மின்தேக்கியின் இரு கால்களிலும் மீட்டரை வைத்தார்.

மீட்டர் 240 வோல்ட் காட்டியது!

"பிளக்கைத்தான் பிடுங்கிவிட்டோமே, அங்கிள்?" என்றோம். குரல் எங்களுக்கே கேட்கவில்லை.

"பிடுங்கினா என்னம்மா? ஓடுற பெட்டின்னா உள்ளே இருக்கிறதை அதுவே செலவழிச்சிடும். ஓடாத பெட்டிதான் வச்சிக்கிட்டே இருக்கும். இதுலதான் பயப்படணும்" என்றார்.

பிறகு விளக்கினார். இது எஸ்.எம்.பி.எஸ். வகைச் சார்ஜர். பழைய சார்ஜர்களில் கனமான இரும்பு மின்மாற்றி இருக்கும். நொடிக்கு 50 சுற்று வரும் மின்சாரத்தை அது அப்படியே குறைத்துக் கொடுக்கும். இதிலோ, வருகிற 230 வோல்ட்டை முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னோட்டமாக்கி அந்த மின்தேக்கியில் நிரப்புகிறார்கள். ஒரு சில்லு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிச் சிறிய மின்மாற்றிக்குள் அனுப்புகிறது. அதனால்தான் பெட்டி கைக்கு இவ்வளவு இலேசாக இருக்கிறது. 1977-இல் வந்த ஆப்பிள் II கணினிக்கும் ராட் ஹோல்ட் என்பவர் இந்த முறையில்தான் மின்வழங்கி அமைத்தார் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம்.

அந்தச் சில்லுக்கு யார் மின்சாரம் கொடுப்பார்கள்? பெட்டி ஓடினால் சிறிய மின்மாற்றியே கொடுக்கும். ஆனால் சில்லு இயங்கினால்தானே பெட்டி ஓடும்! அடிபம்பில் தண்ணீர் வர முதலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறோமே, அதுபோல ஒரு மின்தடை 325 வோல்ட்டிலிருந்து துளித்துளியாக எடுத்து ஒரு குட்டி மின்தேக்கியை நிரப்புகிறது. 16 வோல்ட் சேர்ந்ததும் சில்லு விழிக்கும். சேராவிட்டால் பெட்டி பிணம்தான்.

"பெரிய மின்தேக்கி நிறைஞ்சிருக்கு. அப்போ ஃபியூஸும் டயோடும் நல்லா இருக்கு. கால்மணி ஆகியும் வடியலை. ஏன்?" என்று எங்களைக் கேட்டார். நாங்கள் விழித்தோம். எங்களுள் ஒருத்தி மெல்ல, "துளித்துளியாக எடுக்கும் மின்தடை அறுந்திருக்குமோ?" என்றாள். அங்கிள் சிரித்துக்கொண்டே அவள் தலையில் குட்டினார்.

பல்பு ஒன்றை இரண்டு கம்பிகளால் இணைத்து மின்தேக்கியை வடித்தார். பல்பு பளிச்சென்று மின்னி அணைந்தது. அந்த மின்னலைப் பார்த்தபோது எங்கள் வயிறு கலங்கியது. மீட்டர் சுழியம் காட்டிய பிறகே உள்ளே கை வைத்தார். மின்தடையில் பழுப்பு, பச்சை, மஞ்சள் வளையங்கள்: ஒன்றரை லட்சம் ஓம். வகுப்பில் மனப்பாடம் செய்த நிறக்குறியீடு இப்படியும் உதவுமா! மீட்டரிலோ முடிவிலி. ஓயாமல் சூட்டில் இருந்த உறுப்பு. வெளியே கருகல்கூட இல்லை. ஆக, பாவம், புயலின் மேல் வீண்பழி போட்டிருக்கிறோம்.

மறுவாரம் அவர் செங்குன்றத்தில் பேருந்து மாறி ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு மின்தடையும், பக்கத்திலிருந்த குட்டி மின்தேக்கிக்கு மாற்றும் வாங்கி வந்தார். பேருந்துக் கட்டணம்தான் அதிகம். பற்றவைத்தபின், வரிசையில் ஒரு 100 வாட் குண்டு பல்பை இணைத்து மின்சாரம் கொடுத்தார். உள்ளே எங்காவது குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு முழுதாக எரியும், பெட்டி தப்பிக்கும். பல்பு ஒருகணம் ஒளிர்ந்து மங்கியது. பச்சை விளக்கு எரிந்தது! மீட்டரில் 13.8 வோல்ட். விடுதியே அதிரும்படி கைதட்டினோம்.

அன்றிரவு, நாங்கள் முன்பே மூடியைத் திறந்த கதையைச் சிஸ்டரிடம் சொல்லிவிட்டோம். 240 என்ற எண் எங்களைத் தூங்கவிடவில்லை. சிஸ்டர் திட்டவில்லை. நீண்ட நேரம் எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்புளி இப்போது அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கிறது. கேட்டால் தருவார், ஆனால் மீட்டரையும் சேர்த்துத்தான் தருவார்.