பின்வார் வைத்த செருப்பு

வேலூரில் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு என்று கேட்டால் சர்க்கரை நோய்க்கா என்பார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே அது தொழுநோயாளிகளின் காலில் இருந்தது. முறையாகச் செய்த ஒன்றைப் புரட்டிப் பாருங்கள், ஓர் ஆணி இருக்காது, பசையும் தையலும்தான். ஆணி கிளம்பிக் குத்தினாலும் உணர்ச்சி போன பாதத்துக்குத் தெரியாதே! குதிகாலைச் சுற்றி ஒரு பின்வார் வேறு. செருப்பு கழன்று வழியில் கிடந்தாலும் அந்தக் கால் அறியாது, வெறுங்காலோடு நடந்துகொண்டே இருக்கும். இத்தனையையும் யோசித்தவர்களை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று ஊர்ஊராகத் தோல் பதனிட்டு, கடல்தாண்டிய கால்களுக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் வட்டாரம் இது. இங்கே தைத்தவற்றில் என்னைப் பெருமைப்பட வைப்பது, 1955-ல் தொடங்கிய கரிகிரித் தொழுநோய் மருத்துவமனையில் தைத்த செருப்புதான்.

அந்தச் செருப்பை அணிந்தவர்களின் கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொழுநோயில் நரம்பு செயலிழந்து விரல்கள் கொக்கியாக வளைந்துவிடும். ஆனால் முன்கைத் தசைகள் பல நல்ல வலுவோடு இருக்கும். விரலை மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) டாக்டர் பால் பிராண்டும் அவர் குழுவும் அதில் ஒன்றை எடுத்து, இழைகளாகப் பிரித்து, விரல்களில் வேறு இடத்தில் தைத்தார்கள். கட்டுப் பிரித்த பிறகுதான் கஷ்டமான வேலை. நேற்றுவரை மடக்கிய தசை இனி நீட்டுவதற்கு உதவ வேண்டும். நோயாளி பழைய அசைவை மனத்தில் நினைப்பார், விரலோ புதிதாக அசையும். வாரக்கணக்கில் பழகி, ஒருநாள் சோற்றைப் பிசைந்து தானே உண்பார்.

இந்த அறுவைச் சிகிச்சையைச் செய்தவர்களில் ஒருவர் மேரி வர்கீஸ். கொச்சிப் பக்கத்துப் பெண், சி.எம்.சி.யில் படித்தவர். பெண்களுக்கான மருத்துவத்தில் தேர வேண்டும் என்பது அவர் ஆசை. 1954 ஜனவரியில் நடந்த சாலை விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனது. முகத்திலும் காயம். முப்பது வயதுகூட ஆகவில்லை. கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாமே என்று பிராண்ட் வழிகாட்ட, சக்கர நாற்காலியில் இருந்தபடி கத்தியைப் பிடித்தார்.

டோரதி கிளார்க் வில்சன் 1963-ல் மேரியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். எனக்கோ அந்த அறுவை மேஜையை விட்டு நினைவு நகர்வதில்லை. ஒரு பக்கம் தன் கைகளை உணராத நோயாளி, மறுபக்கம் தன் கால்களை உணராத டாக்டர். நாற்காலியை உருட்டிக்கொண்டு அவர் உள்ளே வந்தபோது, ஊரும் உறவும் ஒதுக்கிய அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார்? "உங்களுக்குச் சரியாகிவிடும்" என்று எவரும் சொல்லலாம். இவர் சொன்னால் அதை நம்பியிருப்பார் என்றே தோன்றுகிறது.

பிறகு மேரிக்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் சிகிச்சை, நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவப் பயிற்சி, திரும்பி வந்து சி.எம்.சி.யில் அந்தத் துறைக்குத் தலைமை. 1966-ல் வேலூர் பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. நாட்டில் அப்படி ஒன்று அதுவே முதல். 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் மறைந்தார். இழந்த கனவை மீட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரசவ அறைக் கனவு 1954-லேயே போய்விட்டது. அதற்காகச் சேர்த்து வைத்திருந்த வலு வேறோர் இடத்தில் தைக்கப்பட்டது. அங்கே அது புது வேலை பழகிக்கொண்டது.

அந்த நிலையத்தில், மரத்திலிருந்தும் பைக்கிலிருந்தும் விழுந்து முதுகெலும்பு ஒடிந்தவர்களுக்கு மறுவாழ்வு என்பது சின்னச் சின்ன வேலைகளில்தான் தொடங்குகிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படுக்கைப்புண் வராமலிருக்க அவ்வப்போது கைகளை ஊன்றி உடம்பைத் தூக்குவது. மரமேறி இனி மரமேறப் போவதில்லை. ஊரில் பெட்டிக்கடை வைக்கலாமா, வாசற்படியை இடித்துச் சரிவாகப் பூச எத்தனை மூட்டை சிமெண்டு ஆகும் என்று மனைவியிடம் கேட்க ஆரம்பிக்கிறார்.