செருப்பு மேல தப்பு இல்ல தம்பி!

ஸ்ரீபெரும்புதூர் டு ஜி.பி. ரோடு... ஒரு டயர் யாத்திரை

பந்து மட்டும் காருக்கு அடியில் உருளாமல் இருந்திருந்தால், இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். அநேகமாக வேறு யாராவது, வேறு பக்கத்தில், எங்களைப் பற்றி நாலு வரி எழுதியிருப்பார்கள்!

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. சனிக்கிழமை காலை. ஹாஸ்டல் சாம்பாரிடமிருந்து தப்பித்து, ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் பெரியப்பா வீட்டில் தஞ்சம் புகுந்திருந்தேன். தெருப் பசங்களோடு கிரிக்கெட். ஒரு வாண்டு அடித்த பந்து, அண்ணனின் காருக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. குப்புறப் படுத்துக் கையை விட்டேன். பந்து கிடைத்தது. கூடவே இன்னொன்றும் கண்ணில் பட்டது.

இடது பக்க முன் டயர். நின்றுகொண்டு பார்த்தால் வரிவரியாக, ஆரோக்கியமாகத்தான் தெரியும். ஆனால், உள்பக்க ஓரம் சுத்த மொட்டை! இரண்டு விரல் அகலத்துக்கு வழவழவென்று தேய்ந்து, ஓர் இடத்தில் ரப்பரைக் கிழித்துக்கொண்டு மெல்லிய கம்பி எட்டிப் பார்த்தது.

மறுநாள் விடியற்காலை அந்தக் காரில்தான் பெரியப்பா, பெரியம்மா, அண்ணன், நான் என நாலு பேரும் திருநெல்வேலிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. 600 கி.மீ.க்கு மேல். வடகிழக்குப் பருவமழை வேறு வானத்தில் ரெடியாக நின்றது.

அந்தக் காரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 105 குதிரை சக்தி. பார்க்கப் பச்சைப் புள்ள, மிதித்தால் பிசாசு! போலோ விற்பனை இந்தியாவில் 2022-லேயே முடிந்துவிட்டதால், இனிமேல் ஆசைப்படுகிறவர்களுக்கு செகண்ட் ஹேண்ட் மட்டும்தான் கதி. 2024-ல் ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, ஊருக்குள் ஓடும் ரோட்டிலேயே நைட் ரேஸ் நடந்ததே... அதைப் பார்த்துவிட்டு வந்த அண்ணனுக்கு ஜுரம் கண்டது. சேமிப்பை எல்லாம் வழித்துத் துடைத்து இந்த வண்டியை வாங்கிவிட்டார். முதல் ஓனர், வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி வைத்திருந்தார். ‘செம லுக்குடா’ என்று அண்ணன் அதற்கே மயங்கிப்போனார்.

கம்பியைக் காட்டியதும் அண்ணன் முகம் வெளுத்தது. “மூணு தடவை அலைன்மென்ட் பண்ணியாச்சுடா. ரிப்போர்ட்ல பச்சை பச்சையாத்தான் வந்துச்சு. டயர்தான் டூப்ளிகேட்டா இருக்கணும். ரெண்டு டயர் மாத்திட்டா மேட்டர் ஓவர். அப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாத!”

அண்ணனைக் குறை சொல்ல நான் யார்? மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. டோ, கேம்பர், காஸ்டர் மூன்றுக்கும் படம் போட்டு, பாகம் குறித்து, மார்க்கும் வாங்கியவன். அந்தக் காரில் எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

மொட்டை டயரை டிக்கியில் போட்டு, ஸ்டெப்னியை மாட்டினோம். ‘60-க்கு மேல போக மாட்டேன்’ என்று அண்ணன் சத்தியம் செய்த பிறகு கிளம்பினோம்.

வடைமாலை வீதி!

நாங்கள் இருக்கும் ஏரியாவே டயர் தேசம்தான் பாஸ். ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே. டயர் ஆலை, ஒரகடத்தில் அப்போலோ டயர் ஆலை. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் 1946-ல் மாமன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. இவ்வளவு பேர் சுற்றி நின்று டயர் செய்தாலும், தேய்ந்த டயரைப் படிக்கத் தெரிந்த ஆளைத் தேடி நாங்கள் ஜி.பி. ரோடுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

இருங்காட்டுக்கோட்டை, பூந்தமல்லி, போரூர், கிண்டி எனத் தாண்டி அண்ணா சாலை. வழி முழுக்க ‘ஙொய்ய்’ என்று ஒரு முனகல். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் லூசாகப் பிடித்தால், வண்டி இடது பக்கமே இழுத்தது. “மழைத் தண்ணி வடியறதுக்காக ரோடே இடது பக்கம் சரிவாத்தான் போட்டிருப்பாங்க” என்று அண்ணன் சமாளித்தார்.

ஜி.பி. ரோடு... முழுப் பெயர் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கார் வைத்திருக்கும் ஒவ்வொரு சென்னைவாசியும் ஒரு தடவையாவது பர்ஸைக் காலி செய்துவிட்டு வந்திருக்கும் புண்ணியத்தலம். ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்திய மாதிரி கடை வாசல்களில் அலாய் வீல்கள் தொங்குகின்றன. வண்டி ஸ்லோ ஆனாலே, “சீட் கவரா சார்? மேட்டா? ஹாரனா?” என்று பசங்க கூடவே ஓடி வருகிறார்கள். யாரும் டயரைப் பற்றிக் கேட்கவில்லை. சந்து ஒன்றுக்குள் இருந்த சின்ன ஒர்க்‌ஷாப்பைக் கைகாட்டினார் டீக்கடைக்காரர்.

ஒர்க்‌ஷாப் பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். அண்ணன் முழுக்கதையையும் சொல்லி முடிப்பதற்குள், டிக்கியில் கிடந்த மொட்டை டயரை உருட்டி வந்து என் முன்னால் நிறுத்தினார்.

“காலேஜ் பையனா? கண்ண மூடிக்க. வெளியேருந்து உள்ளே தடவு.”

தேய்ந்தும் தேயாமலும் இருந்த நடுப்பகுதியில் உள்ளங்கையை வைத்துத் தடவினேன். ரம்பம் மாதிரி சுரண்டியது.

“இப்ப உள்ளேருந்து வெளியே தடவு.”

வெண்ணெய்! அதே டயர், அதே இடம்.

“சக்கரம் வெளியே பாத்துக்கிட்டே ஓடியிருக்கு. டோ அவுட்” என்றார். ரிப்போர்ட் பார்க்கவில்லை, கம்ப்யூட்டர் பார்க்கவில்லை.

டோ என்றால் ஒன்றுமில்லை மக்களே. எழுந்து நின்று உங்கள் பாதங்களைக் குனிந்து பாருங்கள். ரெண்டு பெருவிரலும் ஒன்றையொன்று பார்த்தால் டோ இன். வாத்து மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்தால் டோ அவுட். கேம்பர் என்பது, காரை எதிரில் நின்று பார்க்கும்போது சக்கரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது. தலைப்பகுதி உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ். இது ரெண்டும் ஒன்று சேர்ந்தால், டயரின் உள் ஓரத்துக்குச் சங்குதான்!

அண்ணன் விடவில்லை. டேஷ்போர்டிலிருந்து அலைன்மென்ட் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். “டோ பச்சையாத்தானே இருக்கு பாய்?”

பாய் பேப்பரை விரித்தார். “பச்சைதான். பக்கத்துலயே கேம்பர் ரெண்டும் சிவப்பா இருக்கே, யாரும் சொல்லலையா?”

“இந்த மாடலுக்கு முன்னாடி கேம்பரைத் திருகி மாத்த வழி இல்ல, அதனால ஒண்ணும் ஆகாதுன்னாங்க...”

“வழி இல்லாதது நெசம். ஒண்ணும் ஆகாதுன்னதுதான் பொய்.”

வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஒரு நீளமான கம்பியை லோயர் ஆர்முக்கும் பாடிக்கும் நடுவில் கொடுத்து நெம்பினார். சக்கரம் ‘டொக்’ என்று வெளிப்பக்கம் திரும்பியது. அந்த ஆர்மைப் பிடித்து வைத்திருக்கும் ரப்பர் புஷ் கிழிந்து தொங்கியது.

“நிக்கும்போது பச்சை. பிரேக்குல கால் வைக்கிற ஒவ்வொரு தடவையும் சக்கரம் வெளியே திரும்புது. மிஷின் நிக்கற வண்டியத்தான் பாக்கும் தம்பி. ஓடற வண்டிய டயர்தான் பாக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் லேப் ரெக்கார்டுகூட எப்போதும் பச்சைதான்!

“அப்ப புது டயர் போட்டா சரியாகாதா?” என்று அண்ணன் கடைசியாக ஒரு தடவை கேட்டார்.

பாய் தன் காலைத் தூக்கி, ரப்பர் செருப்பின் தேய்ந்த ஓரத்தைக் காட்டினார். “செருப்பு ஒரு பக்கமாத் தேயுதுன்னா செருப்பு மேல தப்பு இல்ல தம்பி. நடையில தப்பு. புதுச் செருப்பு வாங்குனா, அதுவும் அதே பக்கம்தான் தேயும்.”

டீக்கடையில் ஒரு டிரிக்னாமெட்ரி

புஷ் வாங்க ஒரு பையன் ஓடினான். டீ குடிக்கிற நேரத்தில், பில்லுக்குப் பின்னால் கணக்குப் போட்டேன். ஒரு சக்கரம், ஓட வேண்டிய திசையிலிருந்து வெறும் அரை டிகிரி விலகி இருக்கிறது என்று வையுங்கள். அரை டிகிரியின் டேன் மதிப்பு 0.0087. அதாவது, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் 5 கி.மீ.க்கு மேல்! ரப்பர் வளைந்து கொடுக்கும் என்பதால் நிஜத்தில் கணக்கு இவ்வளவு நேராக இருக்காதுதான். ஆனாலும், டயரைத் தரையில் வைத்து அத்தனை தூரம் தேய்த்துக்கொண்டே போவதை நினைத்துப் பாருங்கள். டேன் தீட்டா எதற்குப் படிக்கிறோம் என்று மூன்று வருடமாக எனக்கு இருந்த சந்தேகம் அந்த டீக்கடையில் தீர்ந்தது.

அடுத்த வேலை ஸ்பிரிங். முதல் ஓனர் ‘லுக்’குக்காக ஒரிஜினல் ஸ்பிரிங்குகளின் சுருளையே அறுத்திருந்தார். வண்டி தாழ்ந்ததும் சக்கரம் உள்ளே சாய்ந்துவிட்டது. பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கினால், அறுத்த ஸ்பிரிங் இருந்த இடத்தை விட்டு நழுவும் ஆபத்தும் உண்டாம். புதுசு ஆர்டர் போட்டால் தீபாவளி கழித்துத்தான் வரும். “புதுப்பேட்டை போ. சுருள்ல பெயின்ட் புள்ளி வெச்சிருப்பாங்க. ஜோடி ரெண்டுலயும் ஒரே கலர் புள்ளி இருக்கான்னு பாரு. புஷ் மட்டும் எவன் குடுத்தாலும் பழசு வாங்காத” என்று அனுப்பினார் பாய்.

கூவம் கரையோரம் இருக்கும் புதுப்பேட்டை, கார்களின் மறுபிறவி உலகம். ஒரு கடை முழுக்கக் கதவுகள். ஒரு கடை முழுக்க ஹெட்லைட்டுகள், நூறு கண்களோடு முறைக்கின்றன. ஸ்பிரிங் கடைப் பெரியவர், துருவைத் துணியால் துடைத்து, மங்கிப்போன புள்ளிகளை வெயிலில் காட்டிக்காட்டி ஜோடி சேர்த்தார். ஜாதகப் பொருத்தம் தோற்றது போங்கள்! முன்னால் ரெண்டு, பின்னால் ரெண்டு என நாலும் கிடைத்தன.

மதியம் மூன்று மணிக்கு வேலை முடிந்தது. முதலில் ஸ்பிரிங், அடுத்து புஷ், அப்புறம்தான் அலைன்மென்ட். கேம்பர் கட்டம் இரண்டும் பச்சைக்கு வந்தன. யாரும் கேம்பரைத் தொடவே இல்லை. வண்டி தன் உயரத்துக்கு வந்ததும் அதுவாகவே நிமிர்ந்துவிட்டது.

கையில் இருந்த காசுக்கு ரெண்டு டயர்தான். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார் பாய். முதல் ரெண்டு இலக்கம் வாரம், அடுத்த ரெண்டு வருடம். 2219 என்று இருந்தால், 2019-ம் வருடம் 22-வது வாரம் பிறந்த டயர். பள்ளங்களுக்கு நடுவே சின்னப் பாலம் மாதிரி மேடுகள் இருக்கும். ரப்பர் அந்த மேடு மட்டத்துக்குத் தேய்ந்தால் 1.6 மி.மீ.தான் மிச்சம். கார் டயருக்குச் சட்டம் சொல்லும் கடைசி எல்லை அது.

புது டயர்களை பாய் பின்னால் மாட்டி, பின்னாலிருந்த நல்ல டயர்களை முன்னால் கொண்டுவர, அண்ணன் பதறினார். “இன்ஜின் இழுக்கறது முன் சக்கரத்த பாய்!”

“மழையில முன்னாடி வழுக்குனா வண்டி நேராப் போவும். காலை எடுத்தா ஸ்டீயரிங் திரும்பக் கைக்கு வந்துரும். பின்னாடி வழுக்குனா வண்டி சுத்தும். சுத்தறப்ப என்ன பண்ணுவ?”

அண்ணனிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றவர், போனை எடுத்தார். “அப்பா... ஒரு விஷயம்...” என்று எல்லாவற்றையும் சொன்னார். கம்பி வரைக்கும். எதிர்முனையில் பெரிய மௌனம். அப்புறம் பெரியப்பா கேட்டது ஒரே கேள்விதான்.

“அப்ப அந்த லுக்கு போச்சாடா?”

இருங்காட்டுக்கோட்டை இன்னொரு பாடம்

திரும்பும்போது முனகல் இல்லை. இழுப்பு இல்லை. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் பக்கம் வந்ததும் அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். சென்னைக்காரர்கள் ஒரு காலத்தில் சோழவரம் பழைய விமானத் தளத்தில் ரேஸ் பார்த்தார்கள். 1990-லிருந்து இங்கே. 3.717 கி.மீ. சுற்று.

ரேஸ் காரிலும் சக்கரம் உள்ளே சாய்ந்துதான் இருக்கும். வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்க டயர் முழுசாகத் தரையைப் பிடிப்பதற்காக, அளந்து, கணக்குப் போட்டு வைக்கிற சாய்வு. தேய்ந்தால் மாற்றப் பக்கத்திலேயே வேறு டயர் இருக்கும். ரேஸ் காரைப் பார்த்து முதல் ஓனர் காப்பியடித்தது சாய்வை மட்டும்தான். கணக்கை விட்டுவிட்டார். காப்பியடிப்பதிலும் இந்தப் பிரச்னை உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியும்தானே!

மறுநாள் விடியற்காலை கிளம்பினோம். திண்டிவனம் தாண்டியதும் பேய் மழை. முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் அடித்தது. அண்ணனும் அழுத்தினார். கார் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. பின் சீட்டில் பெரியப்பாவின் குறட்டை நிற்கவில்லை. பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் அண்ணனும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எதுவுமே நடக்கவில்லை. அதுதான் நியூஸ்!

விழுப்புரம் பக்கம் டீக்கு நிறுத்தியபோது, நான் காருக்குப் பக்கத்தில் குத்தவைத்து, டயரை உள்ளும் வெளியும் தடவிக்கொண்டிருந்தேன்.

“என்னடா தேடற?” என்றார் பெரியப்பா, கொட்டாவி விட்டபடி.

“பந்து பெரியப்பா!”