ஆயில் ஒழுகும் ஆம்னி

கோவையில் சிங்காநல்லூர் பக்கம் ஒரு பட்டறை. தகரக் கூரைக்கடியில் நின்ற மாருதி ஆம்னியின் முன்சீட்டைத் தூக்கி வைத்திருந்தார்கள், அதற்கடியில்தான் என்ஜின். 796 சிசி, மூன்று சிலிண்டர். 1984இல் வந்த வண்டி, 2019இல் உற்பத்தி நின்றது. சினிமாவில் ஆள் கடத்துவதும் இதில்தான், ஊரில் பள்ளிப் பிள்ளைகள் போவதும் இதில்தான்.

இந்த வண்டியின் முன்பக்க ஆயில் சீலை வேறொரு பட்டறையில் மாற்றியும் ஒழுக்கு நிற்கவில்லை. கிராங்க் புல்லி, பிளாஸ்டிக் டைமிங் கவர், பெல்ட் எல்லாம் கழன்றதும் மெக்கானிக் அண்ணன் டார்ச் அடித்துக் காட்டினார். பழைய சீலை யாரோ ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதில், சீல் உட்காரும் அலுமினியக் கவரின் பள்ளத்தில் ஆழமான கீறல். "எத்தனை சீல் போட்டாலும் இந்த வழியா வரத்தானுங்க செய்யும். கவரையே மாத்தோணும்."

வெறும் மூடி என்று நினைத்துவிட முடியாது. ஆயில் பம்ப் அந்தக் கவருக்குள்தான் சுற்றுகிறது. அதன் அடிவிளிம்பில் ஆயில் தேங்கும் சம்ப் வந்து சேர்வதால் அதையும் இறக்கியாக வேண்டும். ஆயில் குடித்த டைமிங் பெல்ட்டை நம்ப முடியாது, அதுவும் புதிது.

ஹெல்பர் தம்பி ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றிய போல்ட்டுகளை அதனதன் இடத்தில் குத்தி வைத்தார். குட்டையும் நெட்டையும் கலந்திருக்கும். மாறிப்போனால் அலுமினிய மரை போச்சு.

கழற்றுவது சீக்கிரம் முடிந்தது. காலையின் பெரும்பகுதியைத் தின்றது பிளாக்கின் முகத்தில் ஒட்டிக் காய்ந்திருந்த பழைய கேஸ்கட். உளியால் தட்டினால் ஒரு நொடியில் வந்துவிடும், கூடவே புதிய கீறலும் வரும். அண்ணன் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, மழுங்கிய பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டினார். துடைத்தார், நகத்தால் வருடிப் பார்த்தார், மறுபடி சுரண்டினார். பார்க்கிற எனக்கே பொறுமை போனது. இந்தத் தொழிலின் நேர்த்தி முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்பேன். ஸ்பானர் பிடிக்க யாருக்கும் வரும்.

புதிய சீலின் உதட்டில் ஆயில் தடவி, கிராங்கின் விளிம்பில் அது மடியாதபடி மெதுவாகக் கவரை ஏற்றினார். போல்ட்டுகளை முடுக்கியதும் கேஸ்கட்டின் விளிம்பு கீழே சற்றுப் பிதுங்கியது. பிளேடால் சமமாக அறுத்தார். மேடு இருந்தால் சம்ப் ஒட்டி உட்காராது. சம்ப்புக்குப் பேஸ்ட்டை நூல்போலத்தான் வைத்தார். அதிகம் அப்பினால் உள்ளே பிய்ந்து விழுந்து ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைக்குமாம். டைமிங் குறிகளைச் சேர்த்து, பெல்ட் மாட்டி, கையாலேயே என்ஜினை இரண்டு சுற்று சுற்றிக் குறியை மறுபடி பார்த்தார்.

வண்டிக்காரர் பில்லை வாங்கினார். கேஸ்கட் செட், பெல்ட், கவர் விலைகளை விரலால் தாண்டிக்கொண்டே போய்க் கூலியில் நிறுத்தினார். "ஒரு ஒழுக்குக்கு இவ்வளவாண்ணா?" அண்ணன் பேசாமல் பேனா எடுத்துக் கூலியில் முந்நூறைக் குறைத்தார்.