பாதி அதுக்குள்ளது

மாசிச் சிவராத்திரி நெருங்கிவிட்டால் எங்கள் திற்பரப்புக்கு இன்னொரு சத்தமும் வந்துவிடும். அருவியின் இரைச்சல் பிறந்ததிலிருந்தே கேட்பது, அது காதில் ஏறுவதே இல்லை. நான் சொல்வது சிவாலய ஓட்டக்காரர்களின் "கோபாலா, கோவிந்தா". முன்சிறை திருமலையில் புறப்பட்டு, திக்குறிச்சியைக் கும்பிட்டு, மூன்றாவதாக எங்கள் மகாதேவரிடம் வருவார்கள். கோதையாற்றில் முங்கி, ஈரத்துணியோடு நடைக்குப் போய், கையில் பனையோலை விசிறியுடன் திருநந்திக்கரைக்கு ஓட்டம் பிடிப்பார்கள். பன்னிரண்டு கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல். கடைசி திருநட்டாலம்.

எங்கள் வீடு அவர்கள் போகும் வழியில். பாட்டி வாசலில் மோர்ப்பானையோடு இருப்பாள். பிள்ளைகள் தூங்காமலிருக்க பீமன் கதை சொல்லுவாள். தருமரின் யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும். அது பாதி மனிதன், பாதி மிருகம். சிவன் பெயரைத் தவிர வேறு பெயர் கேட்டால் பொறுக்காது. பீமன் கோபாலா, கோவிந்தா என்று கூவிக்கொண்டே போனான், அது துரத்தியது. கிருஷ்ணன் கொடுத்திருந்த பன்னிரண்டு ருத்திராட்சத்தில் ஒன்றைக் கீழே போட்டால் அங்கே லிங்கம் முளைக்கும். மிருகம் பூசை செய்ய நின்றுவிடும், இவன் ஓடுவான். கடைசி ருத்திராட்சமும் தீர்ந்து பிடிபட்டபோது, பீமனின் ஒரு கால் அதன் எல்லைக்குள், மற்றக் கால் வெளியே. வழக்கு தருமரிடமே போனது. தம்பி என்று பாராமல் அவர் சொன்னார், உடம்பில் பாதி மிருகத்துக்கு.

பீமனைக் கூறு போட்டார்களா என்று நாங்கள் பதறுவோம். அரியும் சிவனும் ஒன்று என்று புரிந்து புருஷாமிருகம் சாந்தமாகிவிட்டது என்று கதையை முடிப்பாள். ஆனால் பாட்டிக்கு அந்த முடிவைவிடத் தருமரின் தீர்ப்பில்தான் பிடித்தம். மரச்சீனி அவித்து இறக்கினால் ஒரு துண்டு முற்றத்துக்குப் போகும். பிலாவிலை ஒடிக்கப் போனால் அடுத்த வீட்டு ஆட்டுக்கும் ஒரு கொத்து வரும். ஏன் பாட்டி என்றால் ஒரே பதில்: "பாதி அதுக்குள்ளது மக்ளே." அளந்து வைத்த பாதி இல்லை அது. இந்த முற்றத்தில் உனக்கு இருக்கும் உரிமை அதற்கும் இருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொன்னாள்.

அப்பன் ரப்பர் வெட்டுத் தொழிலாளி. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் விடியுமுன்பே தோட்டத்தில் இருக்க வேண்டும். நெற்றியில் விளக்கு, கையில் வெட்டுக்கத்தி. மரத்துக்கு மரம் பட்டையைச் சீவிச் சிரட்டையை நேராக்கிவிட்டு நடப்பார். அவருக்கு முன்னால் செம்பன். யாரோ விட்டுப்போன நாட்டுநாய்க் குட்டி அது, எங்கள் வீட்டில் வளர்ந்தது. ஒரு நாள் சருகுக்கு முன்னால் நின்று குரைத்தது, அப்பன் அதட்டியும் நகரவில்லை. விளக்கைத் தாழ்த்திப் பார்த்தால் சருகு நிறத்திலேயே அணலிப் பாம்பு சுருண்டு கிடக்கிறது. அப்பன் இதை வீட்டில் சொன்னதே ஒரு வாரம் கழித்துத்தான். அந்த ஒரு வாரமும் தன் தட்டிலிருந்து மீனை எடுத்து அதற்குப் போட்டுக்கொண்டிருந்தார். காரணம் எங்களுக்குத் தெரியாது.

அந்தச் செம்பன் ஒரு சிவராத்திரிக்குக் காணாமல் போனது. மோர் குடிக்க நின்ற கூட்டத்துக்கு நடுவில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை. இரண்டு நாள் அப்பன் தனியாக வெட்டப் போனார். எதுவும் பேசவில்லை. அவர் பேசாமலிருந்ததுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் வாசலில் ஒரு டெம்போ நின்றது. முன்னிருக்கையில் ஒரு இளைஞர், கால் இரண்டும் வீங்கியிருந்தது. மடியில் செம்பன், கழுத்தில் காவித்துணிக் கிழிசல் ஒன்று கட்டியிருந்தது. திருநட்டாலம் வரை கூடவே வந்திருக்கிறது. "ராத்திரி கால் வலிச்சு நான் இருந்தா இதும் இருக்கும், எழும்பினா எழும்பும். இது இல்லேண்ணா நான் பாதியிலே பஸ் ஏறியிருப்பேன்" என்றார். வழியில் கிடைத்த கஞ்சியைத் தானும் குடித்து அதற்கும் வார்த்திருக்கிறார். மோர் குடித்த வீட்டு நாய் என்று ஞாபகம் வைத்துத் தேடி வந்திருந்தார். பாட்டி அவருக்குக் கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கால் வைக்கச் சொன்னாள். அவர் பெயரைக் கேட்டுவைக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அது எனக்கு இன்றைக்கும் குறைதான்.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அடித்த நாள். அப்போது பாட்டியும் இல்லை, செம்பனும் இல்லை. ரப்பர் மரங்கள் ஒடிந்து விழும் சத்தம் ஓயவே இல்லை. ஒரு ரப்பர் கன்று வெட்டுக்கு வர ஏழு வருஷமாவது ஆகும். அப்பன் ஒவ்வொரு முறிவுக்கும் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வீட்டுத் தொழுத்தின் கூரை பறந்தது. அவர்கள் வந்து கேட்கவில்லை, அம்மைதான் மழையில் இறங்கிப்போய்க் கூப்பிட்டாள். பசு, கன்று, ரெண்டு ஆடு, அந்த வீட்டு ஆட்கள் நாலு பேர், எல்லாரும் எங்கள் முன்னறையில். மறுநாள் கடையில்லை, கரண்ட் இல்லை, பால் வண்டி இல்லை. கன்று குடித்து மிஞ்சியதைக் கறந்து, கட்டங்காப்பியே குடித்துப் பழகிய வீட்டில் எட்டுப் பேருக்குப் பால்காப்பி போட்டார்கள். சாணி வாடைக்கு நடுவில் குடித்த அந்தக் காப்பியின் ருசி வேறு எதிலும் எனக்கு வாய்க்கவில்லை.

அரிக்கொம்பன் வந்ததை இந்த ஊர் மறக்காது. இடுக்கி சின்னக்கானலில் அரிசி தேடி ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்த யானை. 2023 ஏப்ரல் 29 அன்று கேரள வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, மறுநாள் பெரியாறு காட்டில் விட்டது. மே மாதக் கடைசியில் கம்பம் தெருவில் இறங்கி ஓடியது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை பிடித்து, எங்கள் மலைக்கு மேலே, மேல்கோதையாறு முத்துக்குழிவயலில் கொண்டு விட்டது. பேச்சிப்பாறைப் பக்கத்துக்காரர்களுக்குப் பயம், அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. அம்மைக்கும் பயம்தான். ஆனால் டிவி முன்னால் இருந்து தினமும் கேட்டாள்: "அது வல்லதும் தின்னிச்சா?" சில நாளில் வனத்துறை படம் வெளியிட்டது. புல்லைப் பிடுங்கி, மண் போகத் தண்ணீரில் அலசி, அலசித் தின்றுகொண்டிருந்தது. அம்மை அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அந்த மலைத் தண்ணீர்தான் பேச்சிப்பாறை வழியாக இறங்கி எங்கள் அருவியில் விழுகிறது. ஓட்டக்காரர்கள் முங்கி எழுவதும் அதில்தான்.

போன சிவராத்திரிக்கும் அம்மை வாசலில் மோர்ப்பானை வைத்தாள். படிக்குக் கீழே ஒரு மண்சட்டியில் தண்ணீரும் வைத்தாள். விடியும்போது ரெண்டும் காலியாக இருந்தன.