சோபாவின் நடு இடம்

ரிச்சி தெருக் கடையில் அந்தப் பையன் என்னிடம் முதலில் கேட்டது, "சார் வரலையா மேடம்?"

"எந்த சார்?" என்றேன்.

பாவம், சங்கடப்பட்டுப் போனான். ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்க ஒரு பெண் வந்தால், அவளுக்குப் பின்னால் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டு ஓர் ஆண் இருந்தே ஆகவேண்டும் என்பது அவன் அனுபவம். அவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அன்று அந்தச் சந்துகளில் நான் பார்த்த பெண்களில் பலர், உள்ளே பேரம் முடியும்வரை கைப்பையோடு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தவர்கள்தான்.

எனக்கு சார் கிடையாது. ஒன்பது வருடமாகக் கிடையாது. அது வேறு கட்டுரை. நான் ப்ளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன்; ஓம் விதியை வருடா வருடம் கரும்பலகையில் எழுதி அழிக்கிறவள். "இதுல 6 ஓம் ஸ்பீக்கர் போட்டா தாங்குமா, 8 ஓம்தான் போடணுமா?" என்று கேட்டேன். பையன் உள்ளே போய் முதலாளியைக் கூட்டிவந்தான். முதலாளி விவரமாகத்தான் பதில் சொன்னார். ஆனால் என்னிடம் இல்லை, பெட்டி தூக்கத் துணைக்கு வந்திருந்த என் தம்பி மகனிடம். அவனுக்குப் பதினான்கு வயது.

இந்தப் பொழுதுபோக்கில் ஊறிய ஆண்களிடையே ஆங்கிலத்தில் ஒரு சொற்றொடர் புழங்குகிறது: 'ஒய்ஃப் அக்செப்டன்ஸ் ஃபேக்டர்'. ஸ்பீக்கர் எவ்வளவு சின்னதாக, வயர் எவ்வளவு மறைவாக இருக்கிறதோ அந்த அளவுக்கு மனைவி சம்மதிப்பாள் என்று ஒரு கணக்கு. அதாவது கேட்கிறவன் அவன், முகம் சுளிக்கிறவள் அவள். அவளுக்கும் இரண்டு காது உண்டு என்பது அந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை.

எதற்கு இந்தப் பெட்டி என்று கேட்டவர்களிடமெல்லாம் "அம்மாவுக்காக" என்றேன். பொய்யில்லை. ஆனால் எனக்கும் ஆசைதான். அரியர்ஸ் பணத்தில் 45,000 ரூபாயை எனக்காகச் செலவழித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நகை வாங்கியிருந்தால் யாரும் காரணம் கேட்டிருக்க மாட்டார்கள்.

அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. அப்பா பர்மா பஜாரில் வாங்கிவந்தது. அம்மா அதற்குப் பூவேலை போட்டு உறை தைத்தாள். தினமும் துடைப்பாள். ஆனால் அதில் ஒரு பொத்தானை அவள் அழுத்தி நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். ஒரு முழுப் படத்தைச் சுருக்கி வசனமும் பாட்டுமாக. அப்பா ஈஸிசேரில் கண்ணை மூடிக் கேட்பார். அம்மா அடுப்படியில் கேட்பாள். பிறகு டிவி வந்தது, ஞாயிறு மாலை தூர்தர்ஷனில் படம் வந்தது. அம்மாவின் இடம் மட்டும் மாறவில்லை. அவள் சினிமா பார்த்தவள் என்பதைவிடக் கேட்டவள் என்பதே சரி. அதுவும் குக்கர் விசிலுக்கும் தாளிக்கிற சத்தத்துக்கும் நடுவே கிடைத்ததை. விட்டுப்போன இடத்தில் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள், "என்ன சொன்னான்?" கூடத்திலிருந்து "ஒண்ணுமில்ல" என்று பதில் போகும். அந்தப் பதிலை நானும் சொல்லியிருக்கிறேன்.

அப்பா போன பிறகு அம்மா என்னிடம் பெரம்பூருக்கு வந்தாள். எழுபத்தாறு வயது. உட்கார்ந்து படம் பார்க்க இப்போது நேரம் இருந்தது, காதுதான் ஒத்துழைக்கவில்லை. வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர் அதிர்வெண்களை. ச, ஸ போன்ற ஒலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. குரல் கேட்கும், சொல் பிடிபடாது. காதுக் கருவி வாங்கினோம்; "தலைக்குள்ள காத்தடிக்குது" என்று டப்பாவில் போட்டுவிட்டாள். இப்போதைய ஒல்லி டிவிகளில் ஸ்பீக்கர் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோதான் இருக்கிறது. பின்னணி இசை எழுந்தால் வசனம் அதற்குள் மூழ்கிவிடும். அம்மா தலையாட்டிக்கொண்டே பார்ப்பாள். புரியாததற்குத் தலையாட்டுவதில் அவளுக்கு ஐம்பது வருடப் பழக்கம்.

5.1 என்பது பெரிய வித்தையெல்லாம் இல்லை. முன்னால் இடம், வலம், நடு என்று மூன்று ஸ்பீக்கர். பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி இரண்டு. தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர். அந்தப் புள்ளி ஒன்று சப்வூஃபரைக் குறிக்கிறது. படத்தின் வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வருகிறது. மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு அதை மட்டும் ரிசீவரில் ஏற்றலாம். எனக்குத் தேவைப்பட்டது அதுதான்.

"வீட்ல ஆம்பளைங்க இருக்கிற நேரமாப் பாத்துச் சொல்லுங்க, மாட்டிவிட ஆள் அனுப்புறோம்" என்றார் முதலாளி. நானே மாட்டிக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன். இரண்டு சனிக்கிழமை ஆனது. வயர் முனையில் பிளாஸ்டிக்கைச் சீவி, செம்பு இழைகளை முறுக்கி, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று பத்து முனைகள். பவர் போட்டதும் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், திரையில் 'ப்ரொடெக்ட்' என்று எழுத்து, அணைந்துவிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது. பழுதாகிவிட்டது என்பதைவிட, ஆள் வரட்டும் என்று சொன்னவர் ஜெயித்துவிட்டார் என்பதுதான் பெரிய பயமாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரே ஒரு செம்பு இழை, முடி மாதிரி, பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஷார்ட் சர்க்யூட். வகுப்பில் நான் நடத்துகிற பாடம்தான்.

அடுத்தது அளவெடுப்பது. ரிசீவரோடு சின்ன மைக் ஒன்று கொடுக்கிறார்கள். கேட்பவரின் காது இருக்கும் உயரத்தில் அதை வைக்கவேண்டும். ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக விசிலடிப்பதுபோல ஓர் ஒலியை எழுப்பும். அதைக் கேட்டு எது எவ்வளவு தூரம், எது எவ்வளவு சத்தம் என்று ரிசீவர் கணக்குப் போடும். ஒலி ஒரு மீட்டர் தாண்ட ஏறத்தாழ 3 மில்லி செகண்ட் ஆகிறது. கிட்டே இருக்கிற ஸ்பீக்கரைச் சற்று நிறுத்திவைத்து, எல்லா ஒலியும் அந்த ஒரு இடத்துக்கு ஒரே நேரத்தில் வந்துசேரும்படி செய்துவிடும்.

எந்த இடத்துக்கு என்று கருவிக்குத் தெரியாது. நாம்தான் சொல்லவேண்டும். கையேட்டில் இருந்த படத்தில் மைக் சோபாவின் நடுவில் இருந்தது. நானும் அங்கேயே வைத்தேன். பிறகு அதைச் சுற்றி ஏழு இடங்கள். மொத்தம் எட்டு முறை, ஃபேனை நிறுத்தி, மூச்சை அடக்கி.

அன்று ராத்திரி படம் போட்டேன். அம்மா வழக்கம்போல சமையலறை வாசலை ஒட்டிய பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கவாட்டு ஸ்பீக்கர் அவள் காதுக்கு நேராக இரைந்தது. வசனம் எங்கோ தூரத்தில் போனது. "சோபால வந்து உக்காரும்மா" என்றேன்.

"அங்க எதுக்குடி? அது உங்கப்பா இடம்."

அப்பா அந்த வீட்டில் ஒருநாள்கூட இருந்ததில்லை. அந்த சோபா அவர் போன பிறகு வாங்கியது.

மறுநாளும் கூப்பிட்டேன், வரவில்லை. மூன்றாம் நாள் மைக்கை எடுத்துப் பிரம்பு நாற்காலியில், அவள் காது உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வைத்தேன். எட்டு அளவும் அந்த நாற்காலியைச் சுற்றியே. நடு ஸ்பீக்கரை அவள் பக்கம் லேசாகத் திருப்பி 3 டெசிபல் ஏற்றினேன். ஒலியியல் விதிப்படி அது மோசமான இடம், சுவரோரம். இருக்கட்டும்.

எண்பதுகளில் வந்த ஒரு படம் ஓடியது. ஒரே தடத்தில் பதிவான பழைய ஒலி. டால்பி சரவுண்ட் முறையில் வைத்தால் ரிசீவர் அதை நடு ஸ்பீக்கருக்கே அனுப்பிவிடுகிறது. கணவன் சண்டை போடுகிற காட்சி. அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "இவ பதில் சொல்றாளா!" என்றாள். "ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டான்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்." அவன் கத்துவது மட்டும்தான் முப்பது வருடத்துக்கு முன்னால் அடுப்படிவரை வந்திருக்கிறது. அந்தக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னாள். இரண்டு முறை போட்டேன். (அந்த நடிகைக்குக் குரல் கொடுத்தது வேறொரு பெண் என்பதை நான் சொல்லவில்லை.)

இதோடு நிறுத்தினால் நான் நல்ல மகளாகத் தெரிவேன். அடுத்த வாரமே அம்மா ரிமோட்டை எடுத்தாள். அதில் ஐம்பதுக்கும் மேல் பொத்தான்கள். நான் அடுத்த அறையிலிருந்து கத்தினேன், "அதைத் தொடாதம்மா! செட்டிங் எல்லாம் மாறிடும்!" அவள் உடனே கீழே வைத்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. டூ-இன்-ஒன் காலத்தில் அப்பா சொன்ன அதே வாக்கியம், அதே தொனி. சம்பாதித்து வாங்கிய பொருள் என்னையும் ஒரு வாரத்தில் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

மன்னிப்பெல்லாம் கேட்டுக்கொள்கிற குடும்பம் இல்லை எங்களுடையது. அப்பா போனதும் அம்மா பீரோவில் எடுத்துவைத்துவிட்ட ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து மூன்றை எடுத்து ரிமோட்டில் ஒட்டினேன். பச்சைப் பொட்டு பவர், சிவப்பு சத்தம் கூட்ட, கறுப்பு குறைக்க. அம்மா தடவிப் பார்த்தாள். "இதுக்காவது ஆச்சே" என்றாள். அழுத்திப் பார்த்துவிட்டு, திரையில் தெரிந்த மைனஸ் 38-ஐக் காட்டி, "ஏண்டி, இது என்ன கடன்ல ஓடுது?" என்றாள். இந்தக் கருவிகளில் சத்தம் பூஜ்யத்துக்குக் கீழிருந்துதான் எண்ணப்படுகிறது. பூஜ்யம் என்பது தியேட்டர் அளவு. "தியேட்டருக்கு நாம பட்ட கடன்மா" என்றேன். அவள் அதை மைனஸ் 30 வரை அடைத்தாள். கீழ்வீட்டுக்காரர் முறையிட்டதால் சப்வூஃபரை மட்டும் நான் குறைத்துவைத்திருக்கிறேன்.

பொங்கலுக்குத் தம்பி வந்தான். வந்தவன் நேராக சோபாவின் நடுவில் உட்கார்ந்தான். ஐந்து நிமிடம் கேட்டான். "அக்கா, சவுண்டு ஒரு பக்கமா இழுக்குதே. மைக் எங்க? இங்க வெச்சு மறுபடியும் செட் பண்ணித் தரேன்."

"அது சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் போன் வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே உரக்கப் பேச ஆரம்பித்தான். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிவப்புப் பொட்டை இரண்டு முறை அழுத்தினாள். அவன் இன்னும் உரக்கப் பேசினான்.

"டேய்," என்றாள் அம்மா, "உள்ள போய்ப் பேசு. அவ என்ன சொல்றான்னு கேக்கணும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் டிவியைப் பார்த்தேன். போனைக் காதில் வைத்தபடியே எழுந்து சமையலறைக்குள் போனான். குக்கர் விசில் சத்தத்துக்கு மேலாக அவன் "என்ன சொன்னீங்க? என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.